எக்ஸோஸ் மாற்றினால் எண்ணெய் மிச்சமாகுமா? ஸ்டாண்டர்ட், கட்டிங், கேனிஸ்டர், முழு செட்: கப்சாய்க்கு ஓர் ஒப்பீடு

“எக்ஸோஸ் மாத்துனா எண்ணெய் கொறையுமாண்ணே?” இங்கே எண்ணெய் என்றால் பெட்ரோல், மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள், எக்ஸோஸ் என்றால் அதன் புகைக்குழாய். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மோட்டார் கடைகளில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் கிடைக்கும். குறையும் என்பவரும் அடித்துச் சொல்வார், கூடும் என்பவரும் அடித்துச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மோட்டாரில் நிஜமாகவே குறைந்திருக்கும், மற்றவர் மோட்டாரில் கூடியிருக்கும். ஆனால் இரண்டுக்கும் அந்தக் குழாய் நேரடிக் காரணமாக இருப்பது அரிது. காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை மாறியிருக்கும், அல்லது ஓட்டுகிற கை மாறியிருக்கும், அல்லது கிலோமீட்டர் காட்டும் மீட்டரே தப்பாகக் காட்டியிருக்கும்.

இங்கே ஒப்பிடுவது 100 முதல் 150 சிசி வரையுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் கப்சாய்களை, அதாவது சிறு மோட்டார் சைக்கிள்களை: ஹோண்டா ஈஎக்ஸ்5, வேவ், ஆர்எஸ்150, மொடனாஸ் கிரிஸ், யமாஹா எல்சி135, ஒய்15. தோட்டத்து ஊர்களில் ஓடுவது பெரும்பாலும் இவைதான். ஓட்டம் மூன்று விதம். எல்பில், டோவன்பி, ஹெவுட் பக்கம் லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்கும் காட்டுக்கும் போய்வரும் சிறு ஓட்டம் ஒன்று. கூட்டரசு சாலை ஒன்றில் செம்மோர் வழியாக ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் ஓட்டம் இன்னொன்று, ஒரு வழிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பின்னால் உர மூட்டையோ கேஸ் தோங்கோ (கேஸ் சிலிண்டரோ) கட்டிக்கொண்டு மண் சாலை ஏற்றத்தில் இழுக்கும் ஓட்டம் மூன்றாவது. ஒரே எக்ஸோஸ் இந்த மூன்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

ஒய்125இசட், ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவற்றில் எக்ஸோஸின் வயிறு பெருத்த வடிவம்தான் வெளியே நழுவும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வடிவம் பொருந்தாவிட்டால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகும். அது தனிக் கதை.

முதலில் காசு

2025 செப்டம்பர் இறுதியிலிருந்து புடி95 என்ற எரிபொருள் மானியத் திட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். ஈப்போவுக்கு நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர். மோட்டார் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 34.7 லிட்டர், சுமார் 69 ரிங்கிட்.

எல்லாம் நல்லபடியாக அமைந்து எக்ஸோஸால் 3 சதவீதம் மிச்சமாகிறது என்றே ஒப்புக்கொள்வோம். மாதம் ஒரு லிட்டர், 2 ரிங்கிட் 7 காசு. எக்ஸோஸுக்கு 300 ரிங்கிட் கொடுத்திருந்தால் அந்தக் காசு திரும்பி வர 12 ஆண்டு. அதற்குள் மோட்டாரே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். லயத்துக்குள் நாளைக்கு 10 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதே 3 சதவீதம் மாதம் 35 காசு.

எதிர்ப்பக்கமும் பார்ப்போம். கலவை கெட்டு, கை முறுக்கிப் பழகி 8 சதவீதம் கூடினால், ஈப்போ ஓட்டக்காரருக்கு மாதம் ஐந்தரை ரிங்கிட், ஆண்டுக்கு 66. குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகையல்ல. ஆனால் கையிலிருந்து போகும் காசு. ஆகவே எண்ணெய் மிச்சத்துக்காக எக்ஸோஸ் வாங்குவது எந்தக் கணக்கிலும் நிற்காது. சத்தம் பிடிக்கிறது, எடை குறைகிறது, பழையது ஓட்டை விழுந்துவிட்டது என்பதற்காக வாங்கலாம். அப்படி வாங்கும்போது எது எண்ணெயை அதிகம் குடிக்காமல் இருக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மிச்சம் ஏன் இவ்வளவு சின்னது

ஸ்டாண்டர்ட் எக்ஸோஸ் புகையை அடைக்கிறது, அதைத் திறந்தால் இஞ்சின் லேசாக மூச்சுவிடும், எண்ணெய் குறையும் என்பது கடை வாதம். பாதி சரி. பின்னழுத்தம் புகையின் ஓட்டத்தைப் பொறுத்தது. ஓட்டம் இரட்டித்தால் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். முழுக்க முறுக்கி ஓட்டும்போது வெளியேறும் புகையில் மூன்றில் ஒரு பங்குதான் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வருகிறது என்று வைத்தால், அந்த நேரத்துப் பின்னழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு. எண்ணெய்க் கணக்குக்கு உதவும் சீரான ஓட்டத்தில் எக்ஸோஸ் ஒன்றும் பெரிதாக அடைப்பதில்லை. அப்போது இஞ்சினை இறுக்குவது முன்பக்கம், முக்கால்வாசி மூடியிருக்கும் த்ராட்டில், அதாவது காற்று உள்ளே போகும் வழியின் கதவு. எக்ஸோஸைத் திறந்து அதைச் சரிசெய்ய முடியாது.

எடைக் கணக்கும் இப்படித்தான். முழு செட் போட்டு ஒன்றரை, இரண்டு கிலோ குறைக்கலாம். மோட்டார் 105 கிலோ, ஆள் 65 கிலோ, மொத்தம் 170. குறைவது ஒரு சதவீதம் சொச்சம். ஒரே வேகத்தில் போகும் சாலையில் அது எண்ணெயில் தெரியாது. நின்று நின்று போகும் ஊருக்குள் கொஞ்சம் தெரியலாம், ஆனால் அதை அளந்து காட்டுவது கஷ்டம்.

இனி குழாயின் அகலம். எக்ஸோஸ் வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை குழாய் முடிவில் போய்த் திரும்பும்போது உறிஞ்சும் அலையாக வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸோஸ் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால் எரிந்த மிச்சம் வெளியே இழுபடும், புதுக் கலவை நன்றாக நிறையும். எந்த ஆர்பிஎம்மில் (இஞ்சின் சுழலும் வேகத்தில்) இது பொருந்தும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. தொழிற்சாலை அதைத் தாழ்ந்த, நடு ஆர்பிஎம்முக்கு வைத்திருக்கும். கடையில் விற்கும் முழு செட்டுகளில் பல மேல் ஆர்பிஎம்முக்கு வைத்தவை. 28 மி.மீ. குழாயை 32 மி.மீ. ஆக்கினால் உள்ளே குறுக்குவெட்டுப் பரப்பு 31 சதவீதம் கூடும், புகையின் வேகம் கால்வாசிக்குக் கிட்டத்தில் குறையும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மெலியும். மெலிந்த இழுவையை ஓட்டுபவர் என்ன செய்து ஈடுகட்டுவார்? முறுக்குவார், அல்லது ஒரு கியர் குறைப்பார். இரண்டும் எண்ணெய்.

நான்கு தேர்வுகள்

ஸ்டாண்டர்டையே வைத்திருப்பது. எண்ணெய்க்கு இதுவே அளவுகோல். உள்ளே இரண்டு மூன்று அறைகள், அவற்றை இணைக்கும் சிறு குழாய்கள், எஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் பீச்சும்) மோட்டார் என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட். கலவை, இக்னிஷன், கியர் விகிதம் எல்லாம் இதற்குப் பொருத்தி அமைத்தவை. இதன் ஒரே எதிரி துரு, அதுவும் உள்ளிருந்து வரும் துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. ஈப்போவுக்கு ஓடும் மோட்டாரில் எக்ஸோஸ் நன்றாகச் சூடேறி அது முழுவதும் வெளியேறிவிடும். லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரை ஒன்றரை கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் மோட்டாரில் தண்ணீரில் ஒரு பகுதி மஃப்ளருக்குள்ளேயே (சத்தம் அடக்கும் பின் உருளைக்குள்ளேயே) தங்கி அடித்தகட்டை அரிக்கும். மூன்று, நான்கு ஆண்டில் கீழ்ப்பக்கம் பொத்தலாவது சேற்றால் மட்டுமல்ல. வாரத்துக்கு ஒருமுறையாவது 20 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள், அடியில் இருக்கும் ஊசித் துளை சேற்றால் அடைபடாமல் பாருங்கள். ஆயுள் கூடும்.

உள்தகடு கழன்று ஆடத் தொடங்கினால் மட்டும் ஸ்டாண்டர்ட் எக்ஸோஸ் உண்மையிலேயே எண்ணெய் தின்னும். ஆறிய மோட்டாரில் மஃப்ளரை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கடகடவென்று கேட்கும். கழன்ற தகடு குழாய் வாயை மறைத்தால் டாப் ஸ்பீடு விழும், ஏற்றத்தில் இழுக்காது, சிலிண்டர் தலைப்பக்கம் வழக்கத்தைவிடச் சூடேறும். அப்போது மாற்றுங்கள். மாற்றுவதற்கும் முதல் தேர்வு அதே மாதிரி ஸ்டாண்டர்ட்தான்.

கட்டிங் எக்ஸோஸ், அதாவது ஸ்டாண்டர்டை வெட்டிப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பிடுங்கி, நேர்க்குழாய் வைத்து மறுபடி பற்ற வைத்துப் பெயின்ட் அடிப்பது. வெளியே பார்த்தால் ஸ்டாண்டர்ட் மாதிரியே இருக்கும் என்பதற்காகவே இதைச் செய்கிறார்கள். எங்கள் கணிப்பில் நான்கில் மட்டமானது இதுதான். அறைகளை எடுத்தபின் அலை திரும்பும் கணக்கு போய்விடுகிறது, அதற்குப் பதிலாக வேறெந்தக் கணக்கும் வைக்கப்படவில்லை. எஃப்ஐ மோட்டாரில் கேட்டலிஸ்டும் போகும். பற்ற வைத்த தையல் சூடேறி ஆறி ஆறி மயிரிழை விரிசல் விடும். வேண்டாம் என்றால் பழையபடி திரும்பவும் முடியாது, ஸ்டாண்டர்ட் போனது போனதுதான். மலிவு என்று செய்துவிட்டு, பிறகு ஒரிஜினல் வாங்கினால் இரண்டு செலவு.

ஸ்டாண்டர்ட் முன்குழாயோடு கேனிஸ்டர், அதாவது பின்னால் உள்ள மஃப்ளர் உருளை, மட்டும் மாற்றுவது. எண்ணெய்ப் பக்கம் பார்த்தால் வெளி எக்ஸோஸ்களில் இதற்குத்தான் சேதம் குறைவு. இழுவையை அதிகம் தீர்மானிக்கும் முன்குழாய் அப்படியே இருக்கிறது. ஒரு சிக்கல்: பெரும்பாலான கப்சாய்களில் முன்குழாயும் மஃப்ளரும் ஒரே துண்டாகப் பற்றியவை. எனவே கழற்றி மாட்டும் வேலையல்ல, வெட்டி இணைப்புக் குழாய் வைக்கும் வேலை. வெட்டுவதற்கு உங்கள் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய முன்குழாய் ஒன்று தேடுங்கள். கேனிஸ்டருக்குள் துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு இருக்கும். அது எரிந்து தூளாகிப் பறக்கப் பறக்கச் சத்தம் ஏறும். பஞ்சு மாற்றிக்கொள்ளும்படி ரிவெட்டோ திருகோ போட்ட கேனிஸ்டரை வாங்குங்கள், முழுக்கப் பற்றி மூடியதை வேண்டாம். உள்ளே செருகும் சத்தத் தடுப்பைக் கழற்றி எறிவது எண்ணெய்க்கும் நல்லதல்ல, காதுக்கும் நல்லதல்ல.

முழு செட், அதாவது முன்குழாய் முதல் மஃப்ளர் வரை எல்லாம் புதிது, 28, 32 மி.மீ. குழாயோடு. 150 சிசி, மேல் ஆர்பிஎம்மில் ஓட்டும் பழக்கம், கூடவே கலவையை அளந்து அமைக்கும் டைனோ கடை, இந்த மூன்றும் இருந்தால்தான் இதற்கு அர்த்தம். கிடைப்பது பவர், எண்ணெய் மிச்சமல்ல. 110 சிசியில் 32 மி.மீ. குழாய் போட்டு மூட்டை ஏற்றினால் இரண்டாம் கியரில் மூச்சுத் திணறும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்பதும் தோட்டத்தில் அப்படியே நிற்பதில்லை. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. மூட்டையிலிருந்து சிந்தும் தூள் சூடான குழாயில் படிந்து ஈரத்தோடு சேர்ந்தால் எஃகிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். உரம் ஏற்றிய அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கார்பரேட்டரா, எஃப்ஐயா

எண்ணெய் கூடுவதும் குறைவதும் உண்மையில் தீர்மானமாவது இங்கேதான்.

கார்பரேட்டர் மோட்டாரில் எக்ஸோஸ் திறந்துவிட்டால் காற்று கொஞ்சம் கூடுதலாகப் போகும், கலவை மெலியும். ஸ்டாண்டர்டில் சற்றுக் கெட்டியாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடிய மோட்டார் என்றால் இந்த மெலிவு சீரான ஓட்டத்தில் உண்மையாகவே லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டிக் கொடுக்கும். “எக்ஸோஸ் போட்டேன், எண்ணெய் கொறைஞ்சிருச்சு” என்பவர்களில் சிலர் இந்த வகை. எக்ஸோஸ் மாற்றாமல் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்குருவைச் சரியாகத் திருப்பியிருந்தாலே அதில் பாதி கிடைத்திருக்கும். முழுக்க முறுக்கும்போதும் கலவை மெலிந்தே இருந்தால் சூடு ஏறும், எக்ஸோஸ் வால்வும் பிஸ்டன் தலையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

அதைத் தடுக்கத்தான் ஜெட், அதாவது பெட்ரோல் அளந்து போகும் சிறு துளைத் திருகு, பெரிதாக்குகிறார்கள். “மெயின் ஜெட்டைப் பெருசாக்கிட்டா போதும் தம்பி” என்று கடை முதலாளியான தவுக்கே 75ஐக் கழற்றி 85ஐ மாட்டுவார். ஜெட் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் கெய்ஹின் வகையில் 75லிருந்து 78 போனால் துளையின் பரப்பு 8 சதவீதம் கூடும். 85 போனால் 28 சதவீதம். ஒரு கேனிஸ்டர் மாற்றத்துக்கு 28 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டியதே இல்லை. எண்ணெய் கூடிய மோட்டார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முறை இப்படி. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கைப்பிடி எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கும்போது வேலை செய்வது பைலட் ஜெட்டும் ஸ்குருவும், கால் முதல் முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். ஈப்போ சாலையில் 70இல் போகும்போது நீங்கள் இருப்பது பெரும்பாலும் ஊசியின் கட்டுப்பாட்டில். மெயின் ஜெட்டை மாற்றிவிட்டு ஊசியைத் தொடாமல் விட்டால் அந்த இடம் முழுதாகச் சரியாகாது. ஊசியில் கிளிப் மாட்டும் பள்ளங்கள் இருந்தால் ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயரும், கலவை கெட்டியாகும். மேலே ஏற்றினால் மெலியும். ஒரு பள்ளத்துக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள்.

பைலட் ஸ்குருவில் பலர் தடுமாறுவார்கள். ஸ்குரு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரு. வெளியே திருப்பினால் மெலியும். இஞ்சின் பக்கம் இருந்தால் எண்ணெய் ஸ்குரு; வெளியே திருப்பினால் கெட்டியாகும். மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இஞ்சின் சூடானபின் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ஐடில் (கைப்பிடி முறுக்காமல் இஞ்சின் ஓடும் வேகம்) மிக உயரும் இடத்தைப் பிடித்து, பிறகு ஐடிலைக் குறையுங்கள்.

பிளக் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் ஓட்டத்தைப் பொறுத்தது. ஊருக்குள் உருட்டி வந்து கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். புதுப் பிளக் மாட்டி, போக்குவரத்து இல்லாத நேர்சாலையில் சோதிக்க வேண்டிய வேகத்தில் சில கிலோமீட்டர் சீராக ஓட்டி, உடனே சுவிட்சை அணைத்து, ஓரமாக நின்றபின் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு சரி. வெள்ளை மெலிவு. காய்ந்த கரி கெட்டி. ஈரக் கறுப்பு என்றால் இஞ்சின் ஆயில் மேலே வருகிறது. அதற்கும் எக்ஸோஸுக்கும் சம்பந்தமில்லை.

எஃப்ஐயில் கதை வேறு. எக்ஸோஸில் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால், சீரான ஓட்டத்தில் இஞ்சினின் கணினியான ஈசியூ அந்த சென்சாரைப் பார்த்துப் பார்த்துக் கலவையை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற இடத்திலேயே பிடித்து நிறுத்தும். நீங்கள் எந்தக் கேனிஸ்டர் போட்டாலும் அங்கே கலவை மாறாது, எண்ணெயும் மாறாது. முழுக்க முறுக்கும்போதுதான் ஈசியூ சென்சாரை விட்டுத் தன் பழைய அட்டவணைக்குப் போகும். மெலிவு வந்தால் அங்கே வரும்.

இதே சென்சாரே எண்ணெய் கூடவும் காரணமாகும். மலிவான முழு செட்டுகள் சிலவற்றில் சென்சார் மாட்டும் துளையே இருக்காது. கடையில் வயரை மடித்துக் கட்டிவிடுவார்கள். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும், ஈசியூ கண்ணை மூடிக்கொண்டு பாதுகாப்பாகக் கொஞ்சம் கெட்டியாக ஓட்டும். இன்னொன்று தலைப்பக்க கேஸ்கெட் கசிவு. புகை வெளியே வருவதை மட்டும் கசிவு என்று நினைக்காதீர்கள். அலை திரும்பும் நேரத்தில் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுக் கலவை மெலிந்துவிட்டது என்று சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். எக்ஸோஸ் மாற்றி ஒரு வாரத்தில் “எண்ணெய் தின்னுது” என்று வரும் எஃப்ஐ மோட்டாரில், ஈசியூ அட்டவணையை மாற்றும் ரீமேப்புக்குக் காசு கொடுக்கும் முன் ஐந்தாறு ரிங்கிட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

கைப்பிடியை விடும்போது பட் பட் என்று வெடித்தாலும் முதல் சந்தேகம் இதுதான், அடுத்தது பைலட் மெலிவு. அந்த வெடிச்சத்தம் பவருக்கு அடையாளம் என்று நம்பும் பையன்கள் இருக்கிறார்கள். எரிய வேண்டிய இடத்தில் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிவதுதான் அது.

மாட்டும் வேலை

கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். நசுங்கி அடைக்கும் வளையம் அது. ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை அடைக்காது. பழைய வளையம் சிலிண்டர் தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்து, சிறு ஸ்குருடிரைவரால் நெம்பி எடுங்கள். துருப்பிடித்த ஸ்டட் நட்டுக்கு முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது பலமாகத் திருகினால் ஸ்டட் முறிந்து தலைக்குள் நிற்கும், அதை எடுக்க ஆகும் கூலியில் இரண்டு டயர் வாங்கலாம்.

இரண்டு நட்டையும் விரலால் மட்டும் பிடிக்க வையுங்கள். பிறகு பின்பக்க மவுண்டிங் போல்ட்டையும் விரலால். குழாய் இழுபடாமல் தானாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அதன்பின் தலைப்பக்க நட்டுகளை மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பொதுவாக 6 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்குச் சுமார் 20. மவுண்டிங் போல்ட் கடைசி. அதை முதலில் இறுக்கினால் குழாய் எந்நேரமும் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும், மண் சாலை அதிர்வில் கேஸ்கெட்டோ பிராக்கெட்டோ போகும். 100 கிலோமீட்டர் ஓடியபின் ஆறிய நிலையில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கசிவு பார்க்க, இஞ்சின் ஆறியிருக்கும்போது கேஸ்கெட் ஓரத்திலும் பற்றிய தையலிலும் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் எக்ஸோஸ் வாயைச் சில விநாடி பாதி மறையுங்கள். குமிழ் வரும் இடம் கசியும் இடம்.

மீட்டர் பொய்யும் அளக்கும் விதமும்

எக்ஸோஸ் மாற்றும் அதே நாளில் டயரையும் ஒல்லியாக மாற்றுவது வழக்கம். முன் டயர் 70/90-17 இருந்த இடத்தில் 60/80-17 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 558 மி.மீ.யிலிருந்து 528 ஆகிறது. முன்சக்கரத்திலிருந்து கிலோமீட்டர் எடுக்கும் மோட்டாரில், ஓடாத தூரத்தை ஓடியதாக மீட்டர் 5.7 சதவீதம் கூட்டிக் காட்டும். லிட்டருக்கு 45 என்பது 47.5 ஆகத் தெரியும். எண்ணெய் ஒரு துளி குறைந்திருக்காது. புகழ் எக்ஸோஸுக்குப் போகும்.

தொட்டியும் ஏமாற்றும். எல்சி135இன் தொட்டி 4 லிட்டர், ஒய்15க்கு 4.2. ஒரு தடவை 3 லிட்டர் நிரப்பும்போது விளிம்பு கணிப்பதில் 150 மில்லி தவறினாலே 5 சதவீதம். நாம் தேடும் வித்தியாசத்தைவிட அளவுப் பிழை பெரிது. ஒரே தொட்டி நிரப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதற்கு அர்த்தமில்லை. ஐந்து தடவை நிரப்பி, மொத்த லிட்டரையும் மொத்தத் தூரத்தையும் கூட்டுங்கள். நிரப்பும் பிழை முதலிலும் கடைசியிலும் மட்டும்தான் தங்கும், ஒரு சதவீதம் அளவுக்கு வந்துவிடும். அதே நிலையம், நடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, அதே விளிம்பு. டயர் காற்று ஸ்விங்ஆர்மிலோ சங்கிலி மூடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி. இந்த வகைகளில் தனியாள் ஓட்டத்துக்கு முன் 29, பின் 33 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். எக்ஸோஸ் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் இதே முறை. மழைக்காலத்தையும் வெயில்காலத்தையும் ஒப்பிடாதீர்கள்.

வேகத்தையும் கட்டுங்கள். 70இலிருந்து 90க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 65 சதவீதம் கூடுகிறது. நல்ல சத்தம் தரும் எக்ஸோஸ் போட்ட முதல் மாதத்தில் யாருடைய கையும் 70இல் நிற்காது. எண்ணெய் கூடியதாக வரும் புகார்களில் ஜெட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் அடுத்து இதுதான் காரணம்.

அதே காசுக்கு வேறு என்ன

எண்ணெய்தான் குறி என்றால் எக்ஸோஸ் பட்டியலிலேயே இல்லை. முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15 ஆக்கினால் அதே வேகத்தில் ஆர்பிஎம் 6.7 சதவீதம் குறையும். ஈப்போ சாலைக்கு இது பொருந்தும். லாசா பக்கம் மூட்டையோடு ஏறுபவர் போட்டால் இஞ்சின் முக்கி முனகி, கியர் குறைத்து, மிச்சமெல்லாம் போய்விடும். செம்மண் தூசி ஏறிய ஏர் ஃபில்டர், தொய்ந்த சங்கிலி, விடாமல் உரசும் பிரேக், காற்று குறைந்த டயர், இவை ஒவ்வொன்றும் எக்ஸோஸைவிட அதிகமாகத் தின்னும். ஆயில் ஊறிய காகித ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது பழக்கமாக இருக்கிறது. கழுவினால் கெடும், மாற்றத்தான் வேண்டும். ரோன்97 ஊற்றுவதும் ஸ்டாண்டர்ட் கப்சாய்க்கு மிச்சம் தராது.

ஆகவே லயத்துக்குள் சிறு ஓட்டம் என்றால் ஸ்டாண்டர்ட், யோசிக்கவே வேண்டாம். மூட்டை இழுப்பவருக்கும் அதுவே. அவருக்குக் கீழ் இழுவைதான் பிழைப்பு. ஈப்போ ஓட்டக்காரருக்குச் சத்தமும் அழகும் வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட் அளவு முன்குழாயோடு சத்தத் தடுப்புள்ள கேனிஸ்டர், சென்சார் துளை சரியான இடத்தில் இருக்கும்படி பார்த்து. 150 சிசி வைத்துக்கொண்டு கலவைக்கும் சேர்த்துச் செலவு செய்யத் தயாராக இருப்பவர் முழு செட்டுக்குப் போகலாம், எண்ணெய் கூடும் என்று தெரிந்தே. கட்டிங் யாருக்கும் வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் சட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டின் மோட்டார் வாகன ஒலி விதிமுறைகளும் நடப்பில் உள்ளன. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயும் போலீசும் சாலைத் தடுப்பில் முதலில் காது கொடுப்பது எக்ஸோஸுக்குத்தான். சம்மன் ஒன்று வந்தால் மேலே போட்ட மாதம் 2 ரிங்கிட் கணக்கு பல ஆண்டுக்குப் பின்னே போகும். புது மோட்டார் என்றால் வாரண்டியைப் பற்றி விற்ற கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கழற்றிய ஸ்டாண்டர்டை மாட்டுக்கொட்டகைப் பக்கம் போட்டுவிடாதீர்கள். நன்றாக ஓட்டிச் சூடேற்றி உள்ளே இருக்கும் ஈரத்தைப் போக்கிய பிறகு, ஆறவிட்டுக் கழற்றுங்கள். இரண்டு வாயிலும் கொஞ்சம் இஞ்சின் ஆயில் தெளித்து, துணி அடைத்து, பிளாஸ்டிக் பை சுற்றி, வாய் கீழே பார்க்கும்படி தரையில் படாமல் தொங்கவிடுங்கள். மவுண்டிங் போல்ட், ரப்பர் புஷ், வாஷர், வெப்பக் காப்புத் தகட்டின் திருகுகள் எல்லாவற்றையும் ஒரு சிறு பையில் போட்டு அதிலேயே கட்டி வையுங்கள். மோட்டாரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது ஒரிஜினல் எக்ஸோஸ் இருக்கிறதா என்றுதான்.